குதிரை ஆகிப்போன மண்நாய்

"அது குதிரை இல்ல! நாய்! நாய்! நாய்!"

மாடியறையிலிருந்து வந்த கத்தலைக் கேட்டதும் எறும்பு பள்ளிப் பையைக்கூடக் கழற்றாமல் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள்.

எறும்பு என்பது அவளுடைய பட்டப்பெயர். எந்த இடுக்கிலும் நுழைந்துவிடுவாள், எதையாவது எடுத்துக்கொண்டுதான் வெளியே வருவாள். பத்து வயதுக்கு அது பெரிய திறமைதான்.

மாடியறை அவளுடைய பெரியம்மாவுடையது. பெரியம்மா ஒரு தொல்லியல் ஆய்வாளர். மண்ணுக்கடியில் புதைந்து கிடக்கும் பழைய ஊர்களைத் தோண்டி வெளியே கொண்டுவருவது அவர் வேலை. அன்றைக்கு ஒரு கணினியை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"யாரோட சண்டை, பெரியம்மா?"

"இந்த ஆந்தையோட!"

விஷயம் இதுதான். இணையக் கலைக்களஞ்சியத்தில் பெரியம்மாவின் வாழ்க்கையைப் பற்றி ஒரு கட்டுரை இருந்தது. மொத்தமே பன்னிரண்டு வரி. அதை வெள்ளிக்கிழமை முதல் பக்கத்தில் போடப்போகிறார்களாம். லட்சக்கணக்கான பேர் படிப்பார்கள். மூன்று நாளாக வீட்டில் யாருக்கும் தலைகால் புரியவில்லை.

ஆனால் ஐந்தாவது வரி இப்படி இருந்தது: 'இவர் கண்டெடுத்த பழங்கால மண் குதிரை பொம்மை மிகவும் புகழ்பெற்றது.'

பெரியம்மா அதை 'மண் நாய்' என்று மாற்றினார். ஐந்தே நிமிடத்தில் குதிரை திரும்பி வந்துவிட்டது. மறுபடி மாற்றினார். மறுபடியும் குதிரை. கட்டுரைகளைச் சரிபார்க்கும் ஒருவர், 'காவல் ஆந்தை' என்ற பெயரில், ஒவ்வொரு முறையும் அதைப் பழையபடி ஆக்கிக்கொண்டிருந்தார். கடைசியாக ஒரு செய்தியும் எழுதியிருந்தார்.

'குதிரை என்பதற்கு அச்சிட்ட சான்று இருக்கிறது. நாய் என்பதற்கு உங்களிடம் என்ன சான்று? நாளை மாலைக்குள் இது தீராவிட்டால் முதல் பக்கத்தில் வேறு கட்டுரை வரும்.'

"அந்தக் கட்டுரையில இருக்கற ஆளே நான்தான்னு எழுதினேன்டீ! அதுக்கும் சான்று வேணுமாம்!"

எறும்புக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் பெரியம்மாவின் கண்கள் கலங்கியிருந்ததைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள். மேசையைப் பார்த்தாள். பெரிய தட்டு நிறையப் பானை ஓடுகள். ஒவ்வொன்றும் ஒரு சின்னப் பையில் இருந்தது. ஒவ்வொரு பையிலும் நூலால் கட்டிய ஒரு சீட்டு. இடம், ஆழம், நாள், கண்டெடுத்தவர் என்று அதில் நான்கு வரிகள்.

"பெரியம்மா, போன வாரம் ஒருத்தர் பழைய விளக்கு ஒண்ணு கொண்டு வந்தாரே, அவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"எங்க கிடைச்சதுன்னே அவருக்குத் தெரியல. சீட்டு இல்லாத பொருளை வெச்சு என்னால ஒண்ணும் சொல்ல முடியாதுன்னேன்."

"ஆந்தையும் அதைத்தானே சொல்லுது?"

பெரியம்மா கணினியை முறைப்பதை நிறுத்திவிட்டுச் சற்று நகர்ந்து உட்கார்ந்தார்.

எறும்பு நாற்காலியில் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஐந்தாவது வரியின் முடிவில் குட்டியாக ஓர் எண் இருந்தது. அதைத் தொட்டதும் கீழே ஒரு குறிப்பு வந்தது. 'முதல் அகழாய்வு அறிக்கை, பக்கம் 42.'

"எந்த அறிவாளி எழுதின அறிக்கையோ!" என்று பெரியம்மா பல்லைக் கடித்தார்.

எறும்பு அலமாரியிலிருந்து அந்த அறிக்கையை எடுத்தாள். நாற்பத்திரண்டாம் பக்கத்தைப் புரட்டினாள். 'வால் உடைந்த மண் குதிரை ஒன்று' என்று தெளிவாகவே அச்சாகியிருந்தது. அட்டையைத் திருப்பி எழுதியவர் பெயரைப் பார்த்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தாள்.

"பெரியம்மா... அந்த அறிவாளி நீங்கதான்."

பெரியம்மா அறிக்கையைப் பிடுங்கிப் பார்த்தார்.

"ஐயையோ, ஆமாண்டீ!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். "இருபது வருஷம் ஆச்சு, சுத்தமா மறந்துட்டேன். பொம்மை கிடைச்சப்ப அதுக்கு வாலே இல்ல. குதிரைன்னு நினைச்சு எழுதி அச்சுக்கும் அனுப்பிட்டேன். ஆனா மனசு கேக்கல. அந்தக் குழி மண்ணை நாலு மாசம் சலிச்சேன். கடைசியில அந்த வால் கிடைச்சுது. இத்துனூண்டு, சுருட்டிக்கிட்டு! சுருட்டின வாலோட குதிரை எங்கயாவது உண்டா?"

"வால் கிடைச்சதை எங்கயாவது அச்சடிச்சீங்களா?"

"ரெண்டாவது அறிக்கையில எழுதினேன். அது இந்தப் பெட்டிகள்ல எங்கயோ இருக்கு."

கட்டிலுக்கு அடியில் ஆறு தகரப் பெட்டிகள் இருந்தன. எதில் என்ன இருக்கிறது என்று ஒன்றின் மேலும் எழுதவில்லை.

"ஊர் உலகத்துப் பானை ஓட்டுக்கெல்லாம் சீட்டு கட்டறீங்க. உங்க பெட்டிக்கு ஒரு சீட்டு கிடையாதா?" என்று எறும்பு இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"வாயாடாம தேடுடீ!"

இருவரும் தேடினார்கள். பழைய வரைபடங்கள், தூரிகைகள், ஒற்றைக் காலுறை, எறும்பு முதல் வகுப்பில் வரைந்த யானைப் படம் என்று என்னென்னவோ வந்தன. அறிக்கை மட்டும் வரவில்லை. மூக்கெல்லாம் தூசி. ஐந்தாவது பெட்டியில் எறும்பு தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அடிவரைக்கும் துழாவினாள்.

"கிடைச்சிருச்சு! பெரியம்மா, பதினேழாம் பக்கம்! வால் படம்கூட இருக்கு!"

அவள் குதித்த குதியில் கீழ்வீட்டிலிருந்து அம்மா, "மாடி இடிஞ்சு விழப்போகுது!" என்று குரல் கொடுத்தார்.

ஆனால் பெரியம்மா குதிக்கவில்லை. இரண்டு அறிக்கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"முதல் அறிக்கையை விட்டுட்டு ரெண்டாவதை மட்டும் காட்டலாமா? நான் தப்பா எழுதினது ஏன் லட்சம் பேருக்குத் தெரியணும்? வெக்கமா இருக்குடீ."

எறும்பு அவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"குதிரைன்னு எழுதினதும் நீங்க, இல்லைன்னு கண்டுபிடிச்சதும் நீங்க. யாரும் உங்களைத் தேடச் சொல்லல. ஆனா நாலு மாசம் மண்ணைச் சலிச்சிருக்கீங்க. அந்தப் பன்னிரண்டு வரியில இவ்வளவு நல்ல விஷயம் ஒண்ணுகூட இல்ல, பெரியம்மா."

பெரியம்மா கணினியை அவள் பக்கம் தள்ளினார். "சரி, எழுது. நீயே கட்டுரையை மாத்திடு."

"ம்ஹூம். சொந்தக்காரங்க கைவைக்கக் கூடாதுன்னு கலைக்களஞ்சிய விதியில போட்டிருக்கு. பக்கத்துல உரையாடல் பக்கம் இருக்கே, அதுல சொல்லலாம்."

அவள் இப்படி எழுதினாள்:

'வணக்கம் ஆந்தை அவர்களே. இந்த ஆய்வாளர் என் பெரியம்மா. அதனால் நான் கட்டுரையைத் தொடவில்லை. முதல் அறிக்கையில் குதிரை என்று இருப்பது உண்மைதான். இரண்டாம் அறிக்கை, பக்கம் 17-இல் வால் கிடைத்தது. இரண்டு பக்கங்களின் படத்தையும் இணைத்திருக்கிறேன். பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள். வால் சுருண்டிருப்பதைக் கவனிக்கவும்.'

பதில் வரவில்லை. சாப்பிடும்போது பார்த்தார்கள், வரவில்லை. மறுநாள் காலையில் பார்த்தார்கள், அப்போதும் வரவில்லை. பள்ளியில் கணக்கு வகுப்பில் எறும்பின் உடல் மட்டும்தான் இருந்தது. மாலையில் வீட்டுக்கு ஓடி வந்து பார்த்தால் பெரியம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"ஆந்தை பேசிடுச்சு! வா, வா!"

'இவ்வளவு நேர்மையான குறிப்பை நான் இதுவரை பார்த்ததில்லை. நூலகத்துக்குப் போய் இரண்டாம் அறிக்கையை நேரில் பார்த்துவிட்டு வந்தேன், அதனால்தான் தாமதம். கட்டுரையைத் திருத்திவிட்டேன். இத்தனை நாள் குதிரையாக வைத்திருந்ததற்கு நாயிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.'

வெள்ளிக்கிழமை காலையில் முதல் பக்கத்தில் பெரியம்மா வந்தார். ஐந்தாவது வரி இப்போது இப்படி இருந்தது: 'தான் கண்டெடுத்த பொம்மையைக் குதிரை என்று முதலில் எழுதிய இவர், நான்கு மாதம் தேடி அதன் உடைந்த வாலைக் கண்டுபிடித்து, அது நாய் என்று தன் தவறைத் தானே திருத்தினார்.'

பெரியம்மா அதை மூன்று முறை சத்தமாகப் படித்தார். எழுந்துபோய் இரண்டாம் அறிக்கையை எடுத்தார். ஒரு சீட்டில் ஏதோ எழுதி, அதை நூலால் கட்டி, எறும்பின் கையில் கொடுத்தார்.

இடம்: ஐந்தாம் தகரப் பெட்டி.
ஆழம்: அடியோ அடி.
நாள்: புதன்கிழமை.
கண்டெடுத்தவர்: எறும்பு.