மூடாத அமர்வு

சின்னவள் பிறந்த வீட்டுக்குப் போய் நான்கு நாள் ஆகியிருந்தும், கணினி இன்னும் இருவரைச் சுமப்பது போலவே திணறிக்கொண்டிருந்தது. பெரியவள் ஓர் எழுத்தைத் திருத்தினாள். அது திரையில் தோன்றப் பதினொரு நொடி ஆயிற்று. மேசைக்கடியில் வன்தட்டு, சரளைக்கல்லைச் சல்லடையில் போட்டு அலைப்பது போல் விடாமல் கரகரத்தது. அதன் சிவப்பு விளக்கு அணையவே இல்லை. சூடேறிய தூசியின் கருகல் வாடை முழங்கால் உயரத்தில் கட்டி நின்றது. வெளியே மதிய மழை. வீட்டில் வேறு யாரும் இல்லை.

ஓரகத்திகள் இருவரும் ஒரே பதிப்பகத்துக்கு மெய்ப்புத் திருத்துபவர்கள். மூத்தவளுக்குப் பதினாறு ஆண்டுப் பழக்கம். இளையவளுக்கு இரண்டே ஆண்டு. தலைமைத் திருத்துநர் பணியிடம் ஒன்று காலியாகியிருந்தது. ஒரே அத்தியாயத்தை இருவரும் தனித்தனியே திருத்தி, இன்று மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். சிறந்த திருத்தத்துக்கு வேலை. "சின்னவங்க கை பட்டா பக்கமே பளிச்சுன்னு ஆயிடுதும்மா" என்று பதிப்பாசிரியர் சொன்ன சொல்லை, விழுங்கவும் மாட்டாமல் துப்பவும் மாட்டாமல் அவள் ஒரு மாதமாக மென்றுகொண்டிருந்தாள்.

அந்தப் பழைய கணினியில் லினக்ஸ் இயங்குதளம் போட்டுக் கொடுத்தவன் கொழுந்தன். வீட்டில் அழைக்கும் பெயரிலேயே இருவருக்கும் தனிக்கணக்குத் திறந்திருந்தான். நினைவகத்தில் எது இடத்தை அடைக்கிறது என்று பார்க்க, பெரியவள் திறந்திருக்கும் கணக்குகளின் பட்டியலை எடுத்தாள். இரண்டு வரிகள். பெரியவள்: நினைவகத்தில் ஒரு சிறு பங்கு. சின்னவள்: மற்றதெல்லாம். எதிரே ஒரு குறிப்பு: கடைசி விசையழுத்தம், பூச்சியம் நொடிக்கு முன். தட்டப்படும் இடம்: இதே விசைப்பலகை.

தொலைபேசியில் சின்னவளை அழைத்தாள்.

"ஏண்டி, அங்கேருந்து இந்த மெஷினத் தொடறியா?"

"நல்லா கேட்டீங்க போங்க! ஆஸ்பத்திரியில அப்பா பக்கத்துல உக்காந்திருக்கேன்க்கா. என்னோடத மூடாமலே வந்துட்டேன் போல. நிறுத்திடுங்க."

"உன் அத்தியாயம் சேவ் ஆகலையே?"

"போனாப் போகுதுக்கா. எப்படியும் அந்த வேலை உங்களுக்குத்தானே."

வசவைவிட அந்தத் தாராளம் அதிகமாகச் சுட்டது. விட்டுக்கொடுக்க இவள் யார்?

நிறுத்துமுன் ஒருமுறை பார்த்துவிட எண்ணிச் சின்னவளின் திரைக்கு மாறினாள். அது பூட்டப்படக்கூட இல்லை. மூன்றாம் பக்கத்தில், தான் ஒரு மணி நேரம் மல்லாடிய வாக்கியத்தை, ஒரே சொல்லை இடம் மாற்றி அவள் நேராக்கியிருந்தாள். அப்போது அடுத்த வாக்கியத்தில் ஒரு சொல் அழிந்தது. இன்னொரு சொல் எழுத்தெழுத்தாக வந்து அமர்ந்தது. பெரியவளின் கைகள் மடியில் இருந்தன. இத்தனை திணறும் கணினியில் அந்த எழுத்துகள் மட்டும் சற்றும் தயங்கவில்லை.

சரியான சொல். அவளுக்குத் தோன்றவே தோன்றாத சொல்.

அச்சத்துக்கு முன்னால் வந்தது பொறாமைதான். சேமிக்க ஒரு விசை போதும் என்று அறிந்தும், அவள் பட்டியலுக்குத் திரும்பிச் சின்னவளை நிறுத்தினாள்.

வன்தட்டு அடங்கியது. அம்புக்குறி வழுக்கி ஓடியது. மழையின் ஒலி திரும்பக் கேட்டது. அவள் தன் அத்தியாயத்தை எடுத்து, ஒரு பத்தியை முடித்தாள்.

கரகரப்பு.

சின்னவள். பூச்சியம் நொடி.

நிறுத்தினாள். வந்தது. மறுபடி நிறுத்தினாள். விரலை எடுப்பதற்குள் வந்தது. ஒவ்வொரு தடவையும் சின்னவளின் பங்கு சுருங்கிச் சுருங்கி, பெரியவளின் வரி வீங்கிக்கொண்டு போவதை அவள் கவனிக்கத் தாமதமாயிற்று. அவள் எதையும் திறக்கவில்லை. ஆனால் இப்போது எல்லா இடத்தையும் அடைத்திருந்தது அவள் பெயர்.

திரையின் நடுவே ஓர் அறிவிப்பு எழுந்தது: இடம் போதவில்லை. மிகுதியாக அடைத்திருப்பது வெளியேற்றப்படுகிறது.

அவள் அத்தியாயம் மறைந்தது. அகராதி. கடிதங்கள். பட்டியலில் ஒரே ஒரு வரி: சின்னவள்.

எழ முயன்றாள். கால் கேட்கவில்லை. கீழே பார்த்தாள். தன் விரல்கள் விசைகளின் மேல். ஓடிக்கொண்டிருந்தன. வேகமாக. தொடுவதை அவள் உணரவில்லை.

கதவு திறந்தது. அவள் கணவன் குடையை உதறிவிட்டு உள்ளே வந்தான். நேராக அவள் முகத்தைப் பார்த்தான். தம்பி மனைவியிடம் காட்டும் மரியாதையோடு ஓரடி தள்ளி நின்றான்.

"அடடே, எப்பம்மா வந்தே? அப்பாவுக்குத் தேவலையா?"

அறையைச் சுற்றிப் பார்த்தான்.

"பெரியவ எங்க?"

அவள் வாய் திறந்தாள். குரல் வரவில்லை. அவன் உள்ளறைகளில் ஒவ்வொன்றாக அவளைத் தேடிக்கொண்டு போனான். அவன் அழைப்பு தேய்ந்து தேய்ந்து தூரமாயிற்று. விரல்கள் நிற்கவே இல்லை. அடுத்த வரியும் குறையின்றித் திருந்தியது.