புலவருக்குக் கொடுத்த முகம்

சிலைக்குத் தாடி முளைத்திருந்தது. சுருவில் என்ற ஊரின் பூங்காவில் புலவருக்குச் சிலை வைத்து இன்னும் இரண்டு மாதம் ஆகவில்லை. கன்னத்துச் சீமெந்தைத் தடவிய சிவரூபியின் விரலில் குத்தியது நிசமான மயிர். வீட்டில் அவள் புருஷன் பிரதாபனோ சவரக்கத்தியைத் தொட்டே எவ்வளவோ நாளாகிவிட்டது. தொட வேண்டி வரவுமில்லை.

எல்லாம் லண்டன் ஊர்ச்சங்கக்காரர் பார்த்த வேலை. புலவர் செத்து இருநூறு வருசம், படமென்று ஒன்றும் இல்லை. பரம்பரையில் மிஞ்சியவன் பிரதாபன்தானே, அவன் முகத்தையே வையும் என்று சிற்பியிடம் சொல்லிவிட்டார்கள். உயிரோடிருப்பவனின் படத்துக்கே மாலை போடப் பயப்படுகிற சனம், அந்த முகத்துக்கு வெள்ளிதோறும் மாலை போட்டது. விசர் மனுசன், அவனும் பெருமையோடு பார்த்துக்கொண்டு நின்றான்.

இப்போது அவனுக்கு முழங்கால் மடிவதில்லை. காலையில் கொதிக்கிற தேத்தண்ணி அவன் தொடையில் ஊற்றுண்டது, அவன் அசையவேயில்லை. கிட்டப் போனால் ஈரச் சீமெந்து மணம்.

அதனால்தான் கிடங்கு கிண்டுகிற இரும்பு அலவாங்கோடு வந்திருந்தாள். பொழுது படுகிற நேரம், வற்றுக்கடலின் சேற்று நாற்றம் பூங்காவெங்கும் கவிந்திருக்க, பனைகளில் காய்ந்த காவோலைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. அவள் பார்க்கப் பார்க்கச் சிலையின் தொண்டை எச்சில் விழுங்கியது.

"என்ரை மனுசனை விடு," என்றாள்.

அடித்தாள். தோள் பிளந்தது. உள்ளே கம்பி இல்லை. எலும்பு.

"சிவா, நான்தான். அடியாதையும்."

பிரதாபனின் குரல். அவள் அலவாங்கை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"பொய். அவர் வீட்டிலை இருக்கிறார்."

தாடையில் அடித்தாள். பிறகு நெற்றியில். பிறகு எங்கென்று பார்க்கவில்லை. இரத்தம் சூடாக அவள் வாய்க்குள் தெறித்தது. பீடத்திலிருந்து சரிந்து அது புல்லில் விழுந்தது.

சீமெந்துச் சால்வை உடைந்த இடத்தில் வயிறு தெரிந்தது. அதில் பிரதாபனின் பழைய ஒப்பரேசன் தையல். சிற்பி ஒருநாளும் கண்டிராத தையல்.

"ஐயோ, என்ரை ராசா," என்று அவள் குனிந்தாள். மூச்சு இல்லை.

பூங்காவின் வாசற்படலை திறந்தது.

வீட்டில் விட்டுவந்தது வந்தது. கால் மடியாமல், மண் நெரிய. உடலைத் தாண்டியது. பீடத்தில் ஏறியது. அவளைப் பார்த்தது. பக்கத்தில் இன்னொராள் நிற்க இடம் விட்டு ஒதுங்கி நின்றது.

ஓட வேண்டும். அலவாங்கைக் கீழே போடப் பார்த்தாள். அவள் கையிலிருந்து ஈரச் சீமெந்து மணம்.

விரல்கள் விரியவில்லை.