நாலாவது கோடு

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது ரத்தம் தெறிக்கிற கதை. தோளோடு தோள் உரசி உட்கார்ந்தால் பயம் பாதியாகக் குறையும். நடுவில் யாருக்காவது மனசு பதறினால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். முடிவுவரை கூட்டிப்போய்ப் பத்திரமாக இறக்கிவிடுவேன்.

தண்ணீர் விற்கிற ராக்குவின் டேங்கர் லாரிகள் கடற்கரையை விட்டுக் கிளம்பும்போதே பருந்துப்பொறிகள் தலைக்குமேல் வட்டமிடத் தொடங்கிவிடும். விரித்த கை அகலத்துக்குச் சிறகு, வயிற்றுக்கு அடியில் ஒரு சுடர்க்குழல். அந்தக் குழல் ஒருமுறை கண் சிமிட்டினால் கீழே நிற்கிறவன் கரிக்கட்டை. மழை மறந்துபோன சீமை அது. கடல்நீரை நன்னீராக்கும் ஆலைகள் கரையோரத்தில் மட்டும்தான். உள்ளே இருக்கிற ஊர்களுக்கு லாரியில்தான் தண்ணீர் போக வேண்டும். தண்ணீர் போகிற பாதையெல்லாம் கத்தியும் துப்பாக்கியும் காத்துக் கிடந்தன. அதனால்தான் பருந்துகள்.

பருந்துக்கு முகம் தெரியாது. புழுதிக்கும் வெயிலுக்கும் பயந்து எல்லாரும் துணியால் முகத்தை மூடிக் கறுப்புக் கண்ணாடி மாட்டித் திரிகிற நாட்டில் முகத்தை வைத்து என்ன செய்வது? அது பார்ப்பது சின்னத்தை. லாரிக் கூரையிலும் ஆட்களின் முதுகிலும் எழுதியிருக்கிற கம்பெனிச் சின்னத்தை. துறைமுகத்துக் காவல் அலுவலகத்தில் சின்னத்தை அதன் மூளைக்குள் ஊட்டி முத்திரை வைத்துவிடுவார்கள். வரைந்தவர் சம்மதம் இல்லாமல் அதில் ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது. முதலாளியே கெஞ்சினாலும் பருந்து கேட்காது. என் சின்னம் உள்ளதைக் காப்பாற்று. அதன்மேல் ஆயுதம் தூக்குகிறவனை எரி. போலிச் சின்னம் என்று தெரிந்தால் யோசிக்காமல் எரி. அதற்குத் தெரிந்த நியாயம் அவ்வளவுதான்.

ராக்குவின் முதல் சின்னம் ஓசியில் கிடைத்தது. துறைமுகத் தெருமுனையில் ஒரு வரைபொறி நிற்கும். ‘தண்ணீர்க் கம்பெனி’ என்று அதன் வாயில் சொன்னாள். அடுத்த மூச்சு விடுவதற்குள் துப்பிவிட்டது: நீலத்தில் ஒரு நீர்த்துளி, பக்கத்தில் இரண்டு இலை. உலகத்தில் ஊரெல்லாம் விரும்பிய படங்களைக் கலக்கி வடித்துக் கொடுக்கும் பொறி அது.

அவளுடைய தம்பி அழகர் தலையைச் சாய்த்துப் பார்த்தான். “நல்லாத்தேன் இருக்குக்கா. ஆனா எங்கிட்டோ பாத்த மாதிரி இருக்கே.”

“பாத்த மாதிரி இருந்தாத்தேன்டா சனம் நம்பும். பேசாம ஒட்டு.”

ராக்கு வளர்த்த பிள்ளை அவன். அம்மா செத்தபோது அவளுக்கே பாவாடை வயசு; அவனைத் தூக்கிச் சுமந்து இடுப்பெலும்பு ஒரு பக்கம் ஏறியே போனது. முதல் லாரியை அவன்தான் ஓட்டுவான்.

ஒரு நடுப்பகலில், காய்ந்து கிடந்த ஆற்றைக் கடக்கும்போது எதிர்க்கரையிலிருந்து வண்டிகள் பாய்ந்து வந்தன. வழிப்பறிக்காரர்கள். ஒருகாலத்தில் அவர்களும் தண்ணீர் விற்றவர்கள்தான். முன்னால் வந்தவன் அரிவாளை வீசி ஒரு டிரைவரின் தோளைப் பிளந்தான். மணலில் ரத்தம் குபுகுபுவென்று இறங்கியது. ராக்கு வானத்தைப் பார்த்தாள். பருந்துகள் அசையவே இல்லை.

“சுடுங்கடா! மேல இருக்கிற சனியனுக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சா?” என்று கத்தினாள்.

அழகர் கதவைத் திறந்து குதித்தான். துப்பாக்கியைத் தூக்கி, அரிவாள்காரன் முதுகைக் குறிபார்த்தான். அந்த முதுகில் நீலத்தில் ஒரு நீர்த்துளி, பக்கத்தில் இரண்டு இலை. அவர்களும் அதே பொறியிடம் அதே வார்த்தையைச் சொன்னவர்கள். அவர்கள் திருடவில்லை கண்ணுகளா. பொறிதான் கேட்டவர்களுக்கெல்லாம் ஒன்றையே கொடுத்திருந்தது.

வெட்டுப்பட்ட டிரைவரின் முதுகு வண்டியில் சாய்ந்து மறைந்திருந்தது; பருந்துக்குத் தெரிந்தது அரிவாள்காரன் முதுகுதான். என் சின்னத்தின்மேல் ஆயுதம் தூக்குகிறான், என்று பருந்து முடிவுசெய்தது. குழல் சிமிட்டியது. அழகர் நின்ற இடத்தில் புகை எழுந்தது. ராக்கு ஓடிப்போய் அணைத்தபோது அவன் சட்டை அவள் உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அவளுடைய பருந்து, அவள் வாங்கி வளர்த்தது, அவனைக் கொன்றுவிட்டு அவளைக் காப்பதற்காக அவள் தலைக்குமேலேயே வந்து நின்றது.

உள்ளங்கைப் புண் ஆறுவதற்கு முன்பே அவள் ஜெனோவாவைத் தேடிப் போனாள். தூத்துக்குடிக்காரி. சின்னம் வரைவதுதான் தொழில். லாரிக்குப் பெயின்ட் அடிக்கிற கொட்டகையின் மாடியில், வறுகடலையைக் கொறித்துக்கொண்டே, வருகிறவர்களிடம் எரிந்து விழுவாள்.

“நாளைக்கே வேணும்,” என்றாள் ராக்கு.

“நாளைக்கு வேணும்னா தெருமுனையில ஒண்ணு நிக்குல்லா, அதுகிட்ட கேளுங்க. நான் ஒங்க லாரியில ஏறி வரணும். பாக்கணும்.”

“என்னத்தப் பாக்கணும்?”

“அது பாத்தாத்தான் தெரியும்.”

வந்தாள். டேங்கர் முதுகில் குந்திக்கொண்டு, மற்றக் கம்பெனி லாரிகள் போனால் அவற்றின் கூரையை எட்டிப் பார்த்து எழுதிக்கொண்டாள். யார் உங்களைக் கண்டால் ஒதுங்க வேண்டும், யார் உங்களைக் கண்டால் ஓடிவர வேண்டும் என்று குடைந்து குடைந்து கேட்டாள். ராக்குவின் காவலாட்களுக்குத் தலைவன் சீமைச்சாமிக்குப் பொறுக்கவில்லை.

“ஏக்கா, இந்தம்மா படம் போட வந்துச்சா, மாப்பிள பாக்க வந்துச்சா?”

“ஒன்னயக் கட்டுததுக்கு இந்த டேங்கரயே கட்டிக்கிடுவேன். அதுக்காச்சும் உள்ள ஏதோ இருக்கு,” என்றாள் ஜெனோவா. எல்லாரும் சிரித்தார்கள். அழகர் செத்தபிறகு அந்த வண்டிகளில் கேட்ட முதல் சிரிப்பு அது.

பட்டறைக்குத் திரும்பி வரைந்தாள், கிழித்தாள், வரைந்தாள். வரைந்ததன்மேல் சேற்றை அடித்தாள். அடுப்பில் பாதி கருக்கினாள். தகட்டை இரண்டாக வெட்டி, மிச்சத்தைக் கம்பத்தில் கட்டி வைத்து, கண்ணுக்கெட்டின தூரத்திலிருந்து பார்த்தாள். சந்தையில் போகிறவர்களுக்கு ஒருமுறை காட்டிவிட்டு, மறுநாள் தேடிப்போய் மணலில் வரையச் சொன்னாள். கடைசியில் ராக்குவைக் கூப்பிட்டுக் காட்டியது சாய்ந்த ஒரு குடம். வளைந்த ஒரு கோடு குடத்தின் வயிறு, குட்டையாக ஒன்று வாய், சரிந்து விழும் ஒன்று தண்ணீர்.

ராக்குவுக்கு அதைப் பார்த்த கணத்தில் தாகம் எடுத்தது. ஆனாலும் வாய் வேறு சொன்னது.

“மூணு இழுப்புக்கா இம்புட்டு நாளு? நீ கேக்குற காசுக்கு இன்னொரு லாரி வாங்கிருவேனே.”

“அந்த ஓசிச் சின்னத்துக்கு நீங்க என்ன குடுத்தியன்னு நான் கேக்கணுமாக்கா?”

ராக்கு உள்ளங்கையை மூடிக்கொண்டாள். ஆனால் பேரம் பேசிப் பழகிய நாக்கு சும்மா இருக்குமா?

“லாரியில பேரு எழுதுறவனுக்கு எழுத்துக்கு இம்புட்டுன்னு குடுக்கிறதுதேன் எங்க வழக்கம். ஒனக்குக் கோட்டுக்கு இம்புட்டு.”

“சரி. கோடு நாலு.”

“மூணுதேன தெரியுது?”

“நாலாவது குடத்து வயித்துக்குள்ள, மயிர் மாதிரி ஓடும். பருந்துக்கு மட்டும் தெரியும். அது என் அச்சுல இருந்துதான் வரணும், கையால எவனும் போட முடியாது. மூணு கோடு உங்கள யாருன்னு சொல்லும். நாலாவது, அது நீங்கதானான்னு சொல்லும். பூட்டுக்கா அது.”

“கண்ணுக்குத் தெரியாத கோட்டுக்குக் காசா? என்னய என்ன கிறுக்கச்சின்னு நினைச்சியா? மூணுக்குத்தேன் தருவேன். நாலாவத நீயே வச்சுக்க.”

ஜெனோவா கடலைத் தோலை ஊதிவிட்டு அந்த மெல்லிய கோட்டை அழித்தாள். “பொறவு வந்து கேட்டா வெல வேறக்கா. இப்பமே சொல்லிட்டேன்.”

புதுச் சின்னத்தோடு அதே ஆற்றைக் கடந்தார்கள். அதே ஆட்கள் வந்தார்கள். எரியெண்ணெய்ச் சட்டி ஒன்று பறந்து வந்து முதல் லாரியின் கூரையில் வெடித்தது. பெயின்ட் கொப்பளித்து உரிந்து குடத்தின் வயிறு மட்டும் மிஞ்சியது. அந்த ஒற்றை வளைவு போதுமானதாக இருந்தது. பருந்துகள் கூட்டமாக இறங்கின. ஓடினவன் ஓடினபடியே எரிந்தான். வண்டிக்கு அடியில் பதுங்கினவன் வண்டியோடு எரிந்தான். ஆற்று மணல் உருகி அங்கங்கே கண்ணாடியாக மின்னியது. அரிவாள்காரன் மட்டும் ஆயுதத்தைப் போட்டுவிட்டு மண்டியிட்டுக் கும்பிட்டான். ராக்கு வால்வு திறக்கிற இரும்புச் சாவியை எடுத்து வந்து, அவன் கும்பிட்ட கையோடு சேர்த்து மண்டையில் அடித்தாள். கை ஓயும்வரை அடித்தாள். தம்பியைக் கொன்றது அவனில்லை என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் அடி நிற்கவில்லை.

பிறகு அவளை எதிர்க்க ஆளில்லை. தூரத்தில் சாய்ந்த குடம் தெரிந்தாலே பாதை காலியாகும். கூடுதல் விலை கொடுக்கிற பெரிய ஊர்களுக்கே அவளுடைய லாரிகள் போயின. வழியில் கள்ளிவலசை என்று ஒரு சிற்றூர். காலிக் குடங்களோடு பெண்கள் ரோட்டோரத்தில் நிற்பார்கள். லாரி நிற்காது.

ஒருநாள் ஒரு லாரி காலியாகத் திரும்பி வந்தது. டிரைவர் இறங்கி ஓடிவந்தான். “கள்ளிவலசைக்காரய்ங்க முள்ள வெட்டிப் போட்டு மறிச்சு, மொத்தத் தண்ணியையும் எறக்கிட்டாய்ங்கக்கா. பருந்து சும்மாவே சுத்துது.”

ராக்கு ஆட்களோடு கிளம்பினாள். ஊரை எரித்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள்.

ஊர் எல்லையில் வண்டியை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள். கூரைக்குக் கூரை, சுண்ணாம்பால் இழுத்த மூன்று கோடு. சில கோணல், சில பருமன், ஒன்று குடமா பூசணிக்காயா என்று தெரியவில்லை. ஆனால் எல்லாம் அவளுடைய சின்னம். முதுகுத் துணிகளில் கரியால் அதுவே. கடைசிக் குடிசைமேல் ஒரு பெண் சுண்ணாம்புச் சட்டியோடு உட்கார்ந்து மூன்றாவது கோட்டை இழுத்துக்கொண்டிருந்தாள். இழுத்து முடித்ததும் ஒரு பருந்து ராக்குவின் தலைக்குமேலிருந்து விலகி, அந்தக் குடிசைக்குமேல் போய் நின்றது.

பஞ்சவர்ணம் என்ற பெண் முன்னால் வந்தாள். இடுப்பில் குடம் இருந்தது. “நாங்க போட்டது சரியா இருக்காத்தா? நிக்காமப் போற வண்டியோட முதுகத்தேன நாங்க தெனமும் பாத்தோம். ஒருக்காப் பாத்தா மறக்காது. நல்லாப் போட்டிருக்காக, போட்டவுக.”

“எங்க சின்னத்தத் திருடிட்டு நக்கலா?” என்று சீமைச்சாமி துப்பாக்கியைத் தூக்கினான்.

“டேய், வேணாம்டா!” என்று ராக்கு அலறினாள். அழகரின் புகை அவள் மூக்கில் ஏறியது. சீமைச்சாமியின் விரல் அழுந்துவதற்குள் குழல் சிமிட்டியது. அவனிடம் மிஞ்சியது உருகிய பெல்ட்டுக் கொக்கி. மற்ற ஆட்கள் துப்பாக்கிகளைக் கீழே எறிந்தார்கள். பஞ்சவர்ணத்தின் குடம் விழுந்து உருண்டது.

ராக்கு ஜெனோவாவைப் போனில் கூப்பிட்டாள்.

“அந்த நாலாவது கோடு. என்ன வேணுமோ கேளு, தாறேன். இப்பவே போடு.”

“என்னால போட முடியும்க்கா,” என்றாள் ஜெனோவா. கடலை கொறிக்கிற சத்தம் நின்றிருந்தது. “துறைமுக அலுவலகத்துக்கு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், பருந்து பூட்டத் தேட ஆரம்பிச்சிரும். ஒங்க லாரியிலயும் ஆளுக முதுகுலயும் இருக்கத இப்பம் மூடி வச்சுக்கிட்டாப் போதும், பூட்டப் பொறவு அடிச்சுக்கிடலாம். ஆனா அங்க கூரையில இருக்கது எல்லாம் அந்த நிமிசத்துல போலியாயிரும். போலிய என்ன செய்யணும்னு அதுக்குத் தெரியும்லா. அண்ணைக்கு அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் காசுதான் வெல. இண்ணைக்கு அந்த ஊருதான் வெல. வாங்குதியளா?”

குடிசை மேலிருந்த பெண் சுண்ணாம்புக் கையை முழங்காலில் துடைத்துக்கொண்டு, தான் போட்டது நன்றாக வந்திருக்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை அப்படிச் சாய்த்துத்தான் அழகரும் பார்த்தான்.

“வேணாம்,” என்றாள் ராக்கு. போனை வைத்தாள்.

வண்டியின் பின்பக்கம் போய், அந்த இரும்புச் சாவியால் வால்வைத் திறந்தாள். கள்ளிவலசைப் பெண்கள் குடத்தைச் சாய்த்துப் பிடித்தார்கள். அச்சு அசல் அவள் சின்னம் மாதிரியே இருந்தது. மறுமாசம் அந்தப் பாதையில் சுண்ணாம்புக் குடம் இல்லாத கூரை ஒன்றுகூட இல்லை; அவளுடைய லாரிகள் எல்லா ஊரிலும் நின்றன; அவளுடைய பருந்துகள் எல்லா ஊரையும் காத்தன. அவளிடமிருந்தும் காத்தன.

கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள், முடிந்துவிட்டது. உங்கள் வீட்டு வாசலில் போடுகிற கோடு உங்களைக் காக்கட்டும். உங்கள் கூரைமேல் விழுகிற நிழலெல்லாம் காவல் நிழலாகவே விழட்டும். உங்கள் குடம் சாயும்போதெல்லாம் பக்கத்து வீட்டுக்கும் கொஞ்சம் சிந்துகிற அளவுக்கு நிறைந்தே இருக்கட்டும். நல்லா இருங்கள்.