மாட்டுவால் செடியின் பழைய வெட்டுகள்

அரசு வக்கீலாக இருந்து ஓய்வு பெற்ற தாசின் தக்காளிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தார். அழுது வீங்கிய முகத்தோடு ஃபெரிதே வந்து நின்றாள்.

"என் புருஷன் ரிஃபத்தைக் கொலைகாரன்னு உள்ள வச்சிட்டாங்கண்ணே."

குழாய் பதிக்கத் தோண்டியவர்கள் அவள் தோட்டத்தில், மாட்டுவால் செடிகளின் ஓரமாக ஓர் எலும்புக்கூட்டைக் கண்டிருந்தார்கள். காவல் அதிகாரி அங்கேயே நின்று தீர்ப்பு எழுதிவிட்டார். கிளறிய மண்ணில் முளைக்கிற செடி இது. முதல் வருஷம் கம்பளி மாதிரி வெறும் இலை, மறு வருஷம் ஆளுயர மஞ்சள் பூ, அத்தோடு சாவு. இப்போது பூத்திருக்கிறது, ஆகவே மண்ணைக் கிளறியது போன வருஷம். பூட்டிக் கிடந்த அந்த வீட்டுக்கு ரிஃபத் குடிவந்ததும் போன வருஷம்தானாம். புத்திசாலி என்ற நினைப்புதான் அந்த மனுஷனுக்கு!

"போன வருஷமும் பூத்துச்சுண்ணே. சொன்னேன். பொண்டாட்டி சாட்சி செல்லாதுன்னுட்டாங்க. எலும்பு சோதனைக்காக அங்காராவுக்குப் போயிருக்கு, பதில் வர்றதுக்குள்ள அவரை அடிச்சே ஒத்துக்க வச்சிடுவாங்க."

தாசின் கையைக் கழுவினார். வழியில் முடிதிருத்தும் நஸ்மி கடையை அப்படியே போட்டுவிட்டுக் கூடவே ஓடிவந்தான்.

தோட்டத்தில் தாசின் முழங்காலிட்டு அடியிலைகளை விலக்கினார். நெடுநேரம் எழுந்திருக்கவில்லை.

"செடிகிட்ட வாக்குமூலமா வாங்கறீங்க?" என்றான் நஸ்மி.

"ஆமா, நீ வாயை மூடினா அது பேசும். இங்க பாரு, பழைய தண்டுக்கட்டை. கத்தியால வெட்டினது. இதோ இன்னொண்ணு. இது மக்கியே போச்சு, அதுக்கும் முந்தின வருஷத்தது. விதை விடறதுக்கு முன்னாடி தண்டை வெட்டிட்டா இது சாகாது, மறுபடி துளிர்க்கும். ரிஃபத் இந்த ஊருக்கு வர்றதுக்கு முன்னாடியே இது பூத்திருக்கு. ஃபெரிதே, யாரு வெட்டறது?"

"பக்கத்து வீட்டு சானியே அக்கா. காதுவலி எண்ணெய்க்குன்னு கேட்டு வெட்டிக்குவாங்க. இவரைப் புடிச்சதுலேருந்து தினம் எனக்கு சூப் கொண்டு வர்றவங்கண்ணே, அவங்க."

"எப்ப வெட்டுவாங்க?"

"பூவெல்லாம் உதிர்ந்தப்புறம்."

தாசின் பெருமூச்சு விட்டார். "எண்ணெய்க்குப் புதுப் பூவைத்தான் பறிப்பாங்க. உதிர்ந்தப்புறம் வெட்டறவ செடியைக் காப்பாத்த வெட்டறா."

நஸ்மி குனிந்து அந்தக் கட்டைகளைப் பார்த்தான். "சானியே புருஷன் ஹைதர் ஜெர்மனிக்குல்ல போனான்?"

"அங்கேருந்து ஒரு கடுதாசியாவது வந்துச்சா?"

வேலிக்கு அந்தப் பக்கம் சானியே நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறது. அவள் ஓடவில்லை.

"என்னை விட்டுட்டுப் போறேன்னான். புடிச்சுத் தள்ளினேன், மாடிப்படியில உருண்டு செத்துட்டான். பூட்டிக் கிடந்த வீடுன்னு இங்க புதைச்சேன்," என்றாள். "செடி செத்தா இடம் சும்மா கிடக்கும். சும்மா கிடந்தா யாராச்சும் கொத்துவாங்க."

"என் புருஷனை இழுத்துட்டுப் போனப்ப ஏன்க்கா பேசல?"

"சொல்லத்தான் தினம் வந்தேன். உன் மூஞ்சியைப் பார்த்ததும் பயந்து திரும்பிடுவேன்."

ஃபெரிதே வேலியைத் தாண்டிப்போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இன்னிக்குத் திரும்ப விடமாட்டேன். நடங்க."

காவல் நிலைய வாசல் வரை அவள் பிடியை விடவில்லை. வழியில் இரண்டு முறை சானியேவுக்குக் கால் தள்ளாடியது. இரண்டு முறையும் விழாமல் தாங்கிக்கொண்டவள் ஃபெரிதேதான்.