மழை சொல்லும் முதுகு

குட்டியின் அப்பாவுக்குச் சலவைக் கடை. துவைப்பது கீழே, காயப்போடுவது மூன்றாவது மாடிக்கு மேலே, மொட்டைமாடியில்.

வானம் மூடினால் அப்பாவுக்கு முதுகு வலிக்கும். தெருவுக்கே அது தெரியும்.

"அண்ணே, முதுகு என்ன சொல்லுது?" என்று சாயங்காலம் எதிர்க்கடைத் தையல்காரர் கேட்பார்.

"நாளைக்கும் மழைதான்" என்பார் அப்பா, இடுப்பைப் பிடித்தபடி.

ஒருநாள் குனிந்து செருப்பு மாட்டக்கூட அவரால் முடியவில்லை.

"இப்படியே போனா கடையை மூட வேண்டியதுதான்" என்று அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். அது குட்டியின் காதிலும் விழுந்தது. குட்டிக்குப் பத்து வயது.

அவள் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் மேகம், மழை, வலி என்று மூன்று கட்டம் போட்டாள். தினமும் குறித்தாள்.

மேகம் வந்த நாளெல்லாம் வலி. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் மேகம் இருந்தது, மழை கொட்டியது, வலி இல்லை.

"அப்பா, ஞாயித்துக்கிழமை உங்க முதுகுக்கு லீவா?"

"கடைக்கு லீவுன்னா முதுகுக்கும் லீவுதானே!"

அம்மா சிரித்தாள். குட்டி சிரிக்கவில்லை. அதையும் எழுதிக்கொண்டாள்.

திங்கட்கிழமை நல்ல வெயில். துணிக்கூடை இறங்கியதும் கடைத் தராசில் வைத்துப் பார்த்தாள். பதினோரு கிலோ.

செவ்வாய்க்கிழமை திடீரென்று மேகம். அப்பா மாடிக்கு ஓடினார். பாதி காய்ந்த துணிகளை ஒரே கூடையில் அமுக்கித் தூக்கிக்கொண்டு தடதடவென்று இறங்கினார்.

"அப்பா, தராசுல வைங்க!"

பதினெட்டு கிலோ.

"ஈரத்துணி கனக்குதுப்பா. மேலே கொண்டுபோகும்போது கொஞ்சம் கொஞ்சமா ஏத்துறீங்க; மேகம் வந்தா மட்டும் எல்லாத்தையும் ஒரேயடியா தூக்கிக்கிட்டு ஓடுறீங்க."

"குளிர்காத்து பட்டாலே முதுகு பிடிச்சுக்கும்மா."

"இருக்கலாம். ஆனா குளிர்காத்து ஞாயித்துக்கிழமையும் அடிச்சுது. கூடைதான் இல்ல."

அப்பா தராசையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் பெரிய கூடையில் வீட்டுப் பூனை படுத்திருந்தது. பழைய துண்டை விரித்துக் குட்டிதான் படுக்க வைத்திருந்தாள். பக்கத்தில் மூன்று சின்னக் கூடைகள்.

"மூணு தடவை ஏறி இறங்கணுமா? அதுக்குள்ள நனைஞ்சுடுமே!"

"நாம மூணு பேரு இருக்கோமேப்பா."

அன்றும் மேகம் வந்தது. அம்மா இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு வந்தாள். மூவரும் ஆளுக்கொரு கூடையோடு நிதானமாக இறங்கினார்கள். கடைசிக் கூடை உள்ளே வந்த பிறகுதான் முதல் தூறல் விழுந்தது.

ஒரு வாரம் போனது. வானம் கறுத்த ஒரு சாயங்காலம் தையல்காரர் எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, முதுகு என்ன சொல்லுது?"

அப்பா குனிந்து செருப்பை மாட்டி, நிமிர்ந்தார்.

"அது வேலையை விட்டுடுச்சுப்பா. இனிமே நீயே வானத்தைப் பாத்துக்க!"