ஒற்றைத் துடிப்பு

ரத்தப் பம்ப் வடிவமைக்கும் குழுவுக்கு மருத்துவமனையின் பழைய இருதய வார்டைத்தான் ஒதுக்கியிருந்தார்கள். கட்டில்களைத் தூக்கிவிட்டுக் கணினிகளைப் போட்டிருந்தார்கள். கட்டில் கால்கள் தரையில் பதித்த வட்டங்கள் அப்படியே கிடந்தன. கணினிகள் சூடேறாமல் இருக்க ஜன்னல்களைக் கறுப்புத் தாளால் அடைத்திருந்ததால், வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் உள்ளே இருட்டும் குளிரும்தான். பினாயில் வாசனை இன்னும் சுவரை விட்டுப் போகவில்லை.

வண்டு தன் பையை ஜன்னலை ஒட்டிய மூலையில் இறக்கி வைத்தாள். அவளுடைய அண்ணனின் கட்டில் கிடந்த இடம் அது. வேறு இடம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். அவள் கேட்கவில்லை.

வண்டு என்று பெயர் வைத்ததே அண்ணன்தான், சின்ன வயதில் அவள் வாய் ஓயாததற்காக. அவன் சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்கியவன். அவள் படிப்பு முழுக்க அவன் முதுகில் ஏறி வந்தது. நாற்பதைத் தொடுவதற்குள் அவன் இதயம் நைந்த பை மாதிரி தொங்கிப்போனது. நெஞ்சுக்குள் ஒரு ரத்தப் பம்பை வைத்தார்கள். அது துடிப்பதில்லை, இடைவிடாமல் சுழலும். அதனால் மணிக்கட்டில் நாடி அகப்படாது.

"எவனாவது கையைப் புடிச்சுப் பார்த்துட்டு, ஆள் போயாச்சுன்னு துணியைப் போத்திடுவான். பக்கத்துலயே இருங்கடி ரெண்டு பேரும்" என்று தங்கையிடமும் மனைவியிடமும் சொல்லிச் சிரிப்பான்.

ஒரு வருஷம் போல ஓடியது. பிறகு பம்புக்குள் எங்கோ ரத்தம் கட்டி, அந்தக் கட்டி மூளைக்கு ஏறி, பேசிக்கொண்டிருந்தவன் பேச்சின் பாதியில் சரிந்தான். பம்பை வெளியே எடுத்து அறுத்துப் பார்த்தார்கள். சுத்தமாக இருந்தது. கட்டி கிளம்பிப் போய்விட்ட பிறகு, அது உட்கார்ந்திருந்த இடத்துக்கு என்ன அடையாளம் இருக்கும்?

இப்போது புதிய பம்ப். பெயர்தான் புதிது, கூட்டின் வடிவம் பழையதுதான். கீழ்த்தளத்தில் ஒரு தையல்காரி அதற்காகக் காத்துக் கிடந்தாள். படுத்தால் மூச்சு முட்டுமென்று உட்கார்ந்தபடியே தூங்குகிறவள். இரண்டு பெண் பிள்ளைகள் மாறிமாறி முதுகைத் தாங்கிக்கொண்டிருந்தன.

"அந்தம்மாவுக்கு நாள் இல்ல" என்றார் தலைவர். எதையும் ஓடிக்கொண்டே சொல்வதால் முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'அவசரம்' என்று பெயர். "ரத்தம் எங்க கட்டுதுன்னு சொல்லு. இல்லன்னா எங்கயும் கட்டலன்னு எழுதிக் குடு."

"கட்டலன்னு எப்படி சார் எழுதுறது?"

"பேனாவாலதான்."

கணினிக்குள் பம்பை வரைந்து, அதில் ரத்தத்தை ஓடவிட்டு, எங்கே தேங்குகிறது என்று பார்ப்பது வண்டின் வேலை. ரத்தத்தைத் தள்ள ஒரு இதயம் வேண்டும். அதற்கு முழு இதயம் தேவையில்லை. ஒரே ஒரு துடிப்பின் அழுத்தத்தை எடுத்து, அது முடிந்ததும் மறுபடி தொடக்கத்திலிருந்து, செக்குமாடு மாதிரி சுற்றவிடுவார்கள். வழக்கமாகப் புத்தகத்தில் இருக்கும் துடிப்பைத்தான் எடுப்பார்கள். வண்டு அண்ணனுடையதை எடுத்தாள். அறுவைக்கு முன் பதிந்தது அது. "எடுத்துக்கட்டும். உள்ள சும்மாதானே கெடக்கு" என்று அவனே சம்மதித்துக் கொடுத்தது.

அதைவிட நலிந்த இதயம் கைவசம் இல்லை என்று மற்றவர்களிடம் காரணம் சொன்னாள். அது பொய்யில்லை. ஆனால் அது மட்டும் காரணமும் இல்லை.

திரையில் பச்சைக் கோடு சின்னச் சின்ன அலையாக ஓடியது. ஒரே துடிப்பு என்பதால் எல்லா அலையும் ஒரே அச்சு. பார்த்தால் கண் சொருகும்.

நாலைந்து நாள் கழித்து ஒரு பகலில், காற்றுக்குக் கதவு படாரென்று அடித்தது.

திரையில் ஒரு அலை துள்ளியது.

தொடர்ந்து நாலைந்து அலைகள் மூச்சு வாங்குவதுபோல நெருக்கி வந்தன. பிறகு மெல்ல அடங்கின.

கணக்கில் பிசகு என்று நினைத்தாள். உள்ளீட்டைத் திறந்து பார்த்தாள். ஒரே துடிப்புதான் இருந்தது. அதற்குப் பதறத் தெரியாது. கதவு என்றால் என்னவென்றும் தெரியாது.

மேஜையை ஓங்கித் தட்டினாள்.

அலை துள்ளியது.

குளிரூட்டி போட்ட அறையில் அவளுக்கு முதுகு வேர்த்தது. கணினிகளின் இரைச்சலுக்கு அடியில் இன்னொரு ரீங்காரம் கேட்டது, சன்னமாக, சதைக்குள்ளிருந்து வருவதைப்போல. பினாயில் வாசனை எங்கே போனதென்று தெரியவில்லை. நனைந்த கோணிச்சாக்கின் வாடை, வியர்வை கலந்து, தோளுக்குப் பின்னால் நின்றது.

"அண்ணே?"

அலைகள் மெதுவாயின.

அண்ணி சாப்பாட்டு டப்பாவோடு உள்ளே வந்தாள். அதே மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை அவளுக்கு; சோடாவில் வெந்து வெளுத்த கைகள்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?"

வண்டு திரையை மறைக்கப் பார்த்தாள். முடியவில்லை. அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டாள். டப்பாவின் மூடியைத் திறந்த கை நின்றது.

"யாருடி இது?" என்றாள்.

என்ன இது என்று அவள் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அண்ணி ஒரு பகலைக்கூட விடவில்லை. அவன் நெஞ்சில் காதை வைத்துத் தூங்கிப் பழகியவள். அந்தச் சத்தம் போனதிலிருந்து தூக்கமில்லாமல் கண் குழிந்தவள். இப்போது திரைக்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்துக் கொஞ்சம் தூங்கினாள். விழித்திருந்தால் சண்டை பிடித்தாள்.

"பீடியை விட்டாச்சுன்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுனீங்களே. கூரை ஓட்டுக்குள்ள ஒரு கட்டு அகப்பட்டுச்சு."

அலை தடுமாறியது. இருவரும் சிரித்துவிட்டார்கள். சிரித்து முடித்தபோது இருவர் முகமும் நனைந்திருந்தது.

அவசரம் ஒருநாள் வாசலில் நின்றே பேசினார். "நாளைக்குக் காலையில எனக்குப் பதில் வேணும். தையல்காரி இனிமே தாங்க மாட்டா."

எங்கே தேங்குகிறது என்று அறிய ஒரே வழிதான் இருந்தது. பம்பின் வேகத்தைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ரத்தம் தளர்ந்து, தேங்கி, உறையும் வரை குறைக்க வேண்டும். வண்டு அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருந்தாள்.

அண்ணியிடம் சொன்னாள். அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"குறைச்சா அவருக்கு என்ன ஆகும்?"

வண்டு திரையில் ஓடிய அலையைப் பார்த்தாள்.

"ஒரு தடவை பார்த்தது போதாதாடி? மறுபடியும் நம்ம கையாலயா?"

"கீழ ஒருத்தி மூச்சுக்குத் தவிக்கிறா, அண்ணி."

"தெரியும். அவ போர்வையைத் துவைக்கிறவளே நான்தான்." என்றாள் அண்ணி. "எனக்குத் தெரியாதா?"

பிடித்த கையை அவள் விட வெகுநேரம் ஆனது.

வண்டு வேகத்தை ஒரு படி குறைத்தாள். அலைகள் எகிறின. இன்னொரு படி. எகிறி, இளைத்து, ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. அறைக்குள் யாரோ இழுத்து இழுத்து மூச்சு விட்டார்கள். தரையில் கட்டில் கால்களின் வட்டங்கள் இருந்த இடத்தில் ஏதோ அழுத்தமாக உரசியது.

"பயப்படுறாருடி" என்று அண்ணி கிசுகிசுத்தாள். "நிறுத்து."

வண்டு திரையை நெருங்கினாள்.

"அண்ணே, இன்னொரு உசுருக்காக. கொஞ்சம் தாங்கிக்க."

மூச்சுச் சத்தம் நின்றது.

அலைகள் நிமிர்ந்தன. வேகம் அதே குறைவில்தான் இருந்தது, ஆனால் அவை நிதானமாக, ஒரே தாளத்தில் வந்தன.

"குனிஞ்சுட்டார்" என்றாள் அண்ணி. "மூட்டையை ஏத்தச் சொல்லி முதுகைக் குடுத்துட்டார்."

வண்டு அழுதபடி குறைத்தாள். ஒவ்வொரு படிக்கும் அலை சிறுத்தது, தாளம் மட்டும் பிசகவில்லை. பம்புக்குள் சுழலும் விசிறியின் முதுகுப்புறம், கூடு வளையும் இடுக்கில், தேக்கத்தைக் காட்டும் நீலநிறம் ஒரு நகக்கண் அளவு திரண்டது. ரத்தம் அங்கே சுற்றிச் சுற்றி நின்றது. பரந்தது. கறுத்தது.

அங்கேதான்.

கோடு ஒருமுறை எழுந்தது. இன்னொருமுறை எழப் பார்த்தது.

பிறகு நேர்கோடாக ஓடியது.

கோணிவாடை போய்விட்டது. பினாயில் வந்தது. அண்ணி சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள்.

வரைபடத்தில் அந்த இடுக்கை நிரவிவிட்டு வளைவை மாற்றினார்கள். மறுபடி ஓட்டியபோது புத்தகத் துடிப்பைத்தான் போட்டாள். ரத்தம் எங்கேயும் நிற்கவில்லை. அவசரம் முதன்முறையாக உட்கார்ந்து பேசினார். தையல்காரியை மருந்திலும் இயந்திரத்திலும் எப்படியோ இழுத்துப் பிடித்து வைத்திருந்தார்கள்.

முதல் பம்ப் வார்ப்பிலிருந்து வந்தபோது அதைச் சோதனை மேஜையில் பொருத்தினார்கள். கண்ணாடி போலத் தெளிந்த, நெகிழும் இரண்டு குழாய்கள், நடுவில் பம்ப், உள்ளே ரத்தத்தின் அடர்த்திக்குக் கலந்த சிவப்பு நீர். இதயம் இல்லை, கணினியும் இல்லை. ஓடவிட்டு ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டால், கழுவிக் கிருமி நீக்கிக் கீழே அனுப்பிவிடலாம். அண்ணி துணிமூட்டையோடு அந்தப் பக்கம் வந்தவள், வாசலில் நின்றாள்.

வண்டு இணைப்பைச் சரிபார்க்கக் குழாயைப் பிடித்தாள்.

அது அவள் விரல்களுக்குள் புடைத்தது.

அடங்கியது. மறுபடி புடைத்தது. மெதுவாக, களைத்துப்போனவன் நடப்பதுபோல.

பம்புக்கு இன்னும் மின்சாரமே கொடுக்கவில்லை.

அண்ணி மூட்டையைக் கீழே போட்டுவிட்டு வந்தாள். வெளுத்த விரல்களால் குழாயைத் தொட்டாள். பம்ப் வைத்த நாளிலிருந்து அவன் மணிக்கட்டில் தேடித் தேடி அகப்படாதது அது. கண்ணை மூடிக்கொண்டாள்.

"போட்டா நின்னுடுமாடி?"

"தெரியல, அண்ணி."

கீழ்த்தளத்திலிருந்து படுக்கையைத் தள்ளும் சத்தம் கேட்டது. அறுவைக்குத் தயார் செய்கிறார்கள்.

"போடு" என்றாள் அண்ணி.

வண்டு சுவிட்சை அழுத்தினாள். பம்ப் ரீங்கரித்துச் சுழன்றது. சிவப்பு நீர் சீராக ஓடியது. அளவுமானியின் முள் ஆடாமல் நின்றது. ஓட்டத்தில் ஏற்றமில்லை, இறக்கமில்லை, இருக்கவும் முடியாது.

அவர்களின் இரண்டு கைகளுக்கும் அடியில் குழாய் துடித்துக்கொண்டுதான் இருந்தது.