பல் உடைந்த சீப்பு

தலைச்சோலைக் குடும்ப வீட்டு வாசலில் ஜீப் நின்றபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் மூடுபனி இறங்கி, எதிரே இருந்த காப்பிச் செடிகளை மறைத்துவிட்டது.

லூர்துசெல்விக்குக் கல்யாணமான பிறகு இது முதல் கிறிஸ்துமஸ். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் அருள்சாமிக்கு அவள் இரண்டாவது மனைவி. முதல் மனைவி சலேத்மேரி, இரண்டு கிறிஸ்துமஸுக்கு முன்னால் கரடியூர்ப் பாறையில் கால் வழுக்கி விழுந்து செத்தவள். பனியில் விளிம்பு தெரியவில்லை என்று அருள்சாமி சொன்னான். ஊரும் பனியின் மேல் பழியைப் போட்டுவிட்டுக் கேக் சாப்பிடப் போய்விட்டது. பனி எதிர்த்துப் பேசவா போகிறது?

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் சொந்தபந்தம் எல்லாரும் ஒரே பாயில் உட்கார்ந்து கலகலா பலகாரம் உருட்டுவது அந்த வீட்டு வழக்கம். மாவைச் சிறிதாகக் கிள்ளி, சீப்புப் பல்லின் மேல் வைத்துத் தேய்த்துச் சுருட்டினால் வரிவரியாகச் சங்கு மாதிரி வரும். இதற்கென்றே ஆளுக்கொரு சீப்பு உண்டு. வெந்து வந்ததும் வரியைப் பார்த்தே எது யாருடையது என்று கண்டுபிடித்துக் கிண்டலடிப்பார்கள். அருள்சாமியின் சித்தப்பாவுடையது எப்போதும் நசுங்கித்தான் கிடக்கும். அவர் அதை ஒத்துக்கொண்டதே இல்லை.

லூர்துசெல்வியும் சிரித்தாள். சிரித்தபோது இடது கன்னம் வலித்தது. மலை ஏறும் வழியில் டீக்கடைக்காரரிடம் பல்லைக் காட்டினாள் என்று அருள்சாமி விட்ட அறை அது. அறைந்தவனே சமாதானமும் சொன்னான்.

"சரி உடு. சாயங்காலம் கரடியூர்ப் பாறைக்குக் கூட்டிட்டுப் போறேன். நாம ரெண்டு பேரு மட்டும்."

அந்தக் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

பின்கட்டில் தரையோடு தரையாக விறகடுப்பு. அதன் மேல் பெரிய இரும்புச் சட்டி. அருள்சாமியின் அக்கா ஞானம்மாள் கலகலாவை எண்ணெயில் போட, லூர்துசெல்வி கரண்டியால் அரித்து எடுத்தாள். இரண்டாவது ஈட்டில் ஒன்று வேறு மாதிரி இருந்தது. வரிகளுக்கு நடுவே அகலமாக ஓர் இடைவெளி. நடுப்பல் உடைந்த சீப்பில் உருட்டியது போல.

"இது யாருதுங்க அண்ணி?"

எட்டிப் பார்த்த ஞானம்மாளின் முகம் வெளுத்தது.

"சலேத்து சீப்புலதான் நடுப்பல்லு இருக்காது கண்ணு," என்று கிசுகிசுத்தாள். "ஆனா அத நான்தான் அவ சவப்பொட்டியில வெச்சேன். இந்தக் கையால."

அடுத்த ஈட்டில் பாதி அப்படி வந்தது.

அதற்கடுத்ததில் எல்லாமே.

போடும்போது ஒழுங்காகத்தான் இருந்தன. எண்ணெய்க்குள் போய் மாறின. ஏலக்காய் மணத்துக்கு நடுவே இன்னொரு வாடை கிளம்பியது. ஈர மண்ணும், தேங்காயெண்ணெய் வைத்த தலைமுடியும் சேர்ந்த வாடை.

சாயங்காலம் பாறைக்குக் கூப்பிட்டிருக்கிறான் என்று லூர்துசெல்வி சொன்னதும், ஞானம்மாள் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். "பாறைக்குப் போவாத சாமி. அன்னைக்கும் இப்பிடித்தான் ஆசையாக் கூப்பிட்டான். அவளக் குளிப்பாட்டறப்பப் பாத்தேன். உச்சந்தலையில கையகலத்துக்கு முடியக் காணோம். கீழ உழுந்தா கொத்தா முடியா போவும்? கூடப் பொறந்தவனாச்சேன்னு வாய மூடிக்கிட்டேன்."

"என்ன குசுகுசுப்பு?" அருள்சாமி வாசற்படியில் நின்றான். "கெளம்பு. இருட்டறதுக்குள்ள போயிட்டு வந்துரலாம்."

"நான் வரலீங்க."

அவன் உள்ளே வந்தான். தட்டில் இருந்ததைப் பார்த்தான். பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. தட்டை எட்டி உதைத்தான். சிதறியதையெல்லாம் மிதித்து நொறுக்கினான். அக்காவின் வாயில் ஓங்கிக் குத்தினான். உதடு கிழிந்து ரத்தம் சேலையில் ஒழுகியது. பிறகு லூர்துசெல்வியின் பின்னலைக் கையில் சுற்றிக் கொல்லைக் கதவுப் பக்கம் இழுத்தான். கொத்தாக முடி பிய்ந்தது. அவள் அலறிய அலறலில் பாயில் இருந்தவர்களின் சிரிப்பு நின்றது.

"அவளும் இதேதான் சொன்னா. வரலீங்கன்னு," என்றான்.

அவன் தலை வெடுக்கென்று பின்னால் போனது.

யாரோ அவன் முடியைப் பிடித்திருந்தார்கள்.

பின்னால் யாரும் இல்லை.

பின்னலை விட்டுவிட்டு அவன் காற்றில் கையை வீசினான். முழங்கால் மடங்கியது. முகம் கொஞ்சம் கொஞ்சமாக அடுப்புப் பக்கம் திரும்பியது. இரண்டு கைகளையும் தரையில் ஊன்றித் திமிறினான். கழுத்து நரம்பு புடைத்தது. உச்சி முடி மட்டும் ஒரு பிடி அளவுக்கு விறைத்து நின்றது. சித்தப்பா ஓடிவந்து இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தார். ஓர் அங்குலம் அசைக்க முடியவில்லை.

"சலேத்து... உட்ரு... உட்ரு சலேத்து..."

எண்ணெய் சத்தம் போட்டது.

கலகலா போடும்போது வருமே, அதே சத்தம்.

பிடி தளர்ந்து, அவனை இழுத்துப் போட்டபோது மூச்சு இருந்தது. முகம் இல்லை. தோல் வரிவரியாகச் சுருண்டிருந்தது. வரிகளுக்கு நடுவே, நெற்றியிலிருந்து தாடை வரை, அகலமாக ஓர் இடைவெளி.

பக்கத்து எஸ்டேட் வேனில் அவனைச் சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். பின்னாலேயே ஜீப்பில் லூர்துசெல்வியும் ஞானம்மாளும் நடுச் சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள்; சித்தப்பா ஓட்டினார். மலையடிவாரக் குப்பனூருக்கு இறங்குவதற்குள், உயிர் போய்விட்டது என்று போன் வந்தது. லூர்துசெல்வி அழவில்லை. நிம்மதியாக இருந்தது. அதற்காக வெட்கப்படவும் இல்லை.

அப்போதுதான் எரிந்துகொண்டிருந்த தலைக்குக் கையைக் கொண்டுபோனாள். அலங்கோலமாகக் கிடந்த முடி சிக்கெல்லாம் நீங்கி, தோள்மேல் வழவழவென்று கிடந்தது. விரலில் தேங்காயெண்ணெய் பிசுபிசுத்தது.

"நீங்களா அண்ணி சீவி உட்டீங்க?"

கிழிந்த உதட்டில் துணியை அழுத்திப் பிடித்திருந்த ஞானம்மாள் இல்லை என்று தலையாட்டினாள். அவள் கண்கள் லூர்துசெல்விக்குப் பின்னால், காலியாக இருந்த கடைசிச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தன.

உச்சந்தலையில் ஏதோ வந்து பதிந்தது. மெல்லக் கீழே இறங்கியது. இரண்டு பக்கமும் பல் கீறியது. நடுவில் மட்டும் ஒன்றுமே படவில்லை.